‘எல்லா தளங்களிலும் ரிலீஸ்’... அப்போ அருப்புக்கோட்டையில கிடைக்குமா? புது வீடியோ கேம் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

புது வீடியோ கேம் டிரெய்லர் முடியும்போது கடைசியில் ஒரு வரிசை லோகோ வரும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ சுவிட்ச், ஸ்டீம். இரண்டு நொடி கூட நிற்காது. ஆனால் அந்த கேமை நாம் விளையாட முடியுமா, முடியாதா, முடிந்தால் எவ்வளவு செலவாகும் என்ற மொத்தக் கணக்கும் அந்த இரண்டு நொடிக்குள்தான் இருக்கிறது.

டிரெய்லருக்கு ஊர் பேதம் கிடையாது. அமெரிக்காவில் வெளியாகும் அதே நிமிடத்தில் அருப்புக்கோட்டை தறி வீட்டிலும் திருச்சுழி பஸ் ஸ்டாப்பிலும் செல்போனில் ஓடும். கேம் வந்து சேருவதுதான் வேறு கதை. "எல்லா தளங்களிலும் ஒரே நாளில் ரிலீஸ்" என்று சொல்லும்போது, அந்த ‘எல்லா’வில் நம் வீட்டில் இருக்கும் கருவி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. காரணம், நம் வீட்டில் இருப்பது செல்போன்.

நம்ம ஊர் இட்லி, நாலு கருவி

இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் ஒரு தமிழ் கேம். பெயர் ‘வெண்பா’. கனடாவின் டொரோண்டோ நகரில் இருக்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. 2023 ஜூலை 31 அன்று விண்டோஸ் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ சுவிட்ச் என ஒரே நாளில் வெளியானது.

கதை ரொம்ப எளிது. 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குப் போன ஒரு தம்பதி. மனைவி வெண்பா, கணவர் பாவலன். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு வெண்பாவிடம் இருக்கிறது. ஆனால் அது கிழிந்து, எழுத்து அழிந்துபோய்க் கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரை போகும், புட்டுக் குழலில் எது முதலில், எது அடுத்து என்று யோசிக்க வேண்டும். துப்பாக்கி கிடையாது, கார் ரேஸ் கிடையாது. மகன் கவின் வளர வளர தமிழில் இருந்து விலகிப் போவது இடையில் ஓடிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் அந்தப் பகுதி கொஞ்சம் சுருக்கென்று குத்தும்.

2024 மார்ச்சில் சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் பெரிய பரிசு இதற்குத்தான். அடுத்த மாதமே பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் கிடைத்தது. உலகமே திரும்பிப் பார்த்த ஒரு தமிழ்ச் சமையலறை!

சரி, இட்லி அவிக்கும் ஒரு கேமை, இட்லி அவிக்கும் ஊரில் இருந்து விளையாட வழி என்ன? அன்று வெளியான நான்கு கருவிகளில் செல்போன் இல்லை. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் அரை லட்சம் ரூபாய் பக்கம். சுவிட்ச் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனையிலேயே இல்லை. மிச்சம் கம்ப்யூட்டர் மட்டும்தான். ‘நான்கு கருவிகள்’ என்று எழுதியிருந்தது, கரிசல் காட்டுக்கு வரும்போது ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தியக் கதை, இந்தியாவில் விற்காத கருவியில்

இதைவிட விசித்திரமான கதை ‘ராஜி’. புனேவில் இருக்கும் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’, நம் புராணங்களையும் ராஜஸ்தான் கோட்டைகளையும் பின்னணியாகக் கொண்டது. இந்தியாவில் உருவான கேம் முதலில் எதில் வந்தது தெரியுமா? 2020 ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ சுவிட்சில்! கம்ப்யூட்டர், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது அக்டோபர் 15-ல்தான்.

நின்டெண்டோவுக்கு இந்தியாவில் விற்பனை அமைப்பு இல்லை. அதன் ஆன்லைன் கடையான ஈஷாப்பும் இந்தியாவுக்கு என்று திறக்கப்படவில்லை. ஆக, இந்தியக் கதையை இந்தியர்களே இரண்டு மாதம் முறைப்படி வாங்கி விளையாட வழியில்லை. ஒரு கருவி நிறுவனம் கொஞ்ச காலத்துக்கு ‘என்னிடம் மட்டும்’ என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வதைத்தான் ‘டைம்டு எக்ஸ்க்ளூசிவ்’ என்கிறார்கள். சின்ன நிறுவனத்துக்கு இதில் விளம்பரம் கிடைக்கும் என்பதால் குறை சொல்லவும் முடியாது.

கையடக்கக் கருவிகளில் நிலைமை இன்றும் பெரிதாக மாறவில்லை. 2025 ஜூன் 5-ல் சுவிட்ச் 2 வெளியானது. முதல் நான்கு நாளில் உலகம் முழுக்க 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. கம்ப்யூட்டர் கேம்களை கையில் வைத்து விளையாட உதவும் ஸ்டீம் டெக் 2022-லேயே வந்துவிட்டாலும், அதையும் இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. முறையாகக் கிடைப்பது ஆசஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி ஆலி போன்றவை. அது 2023-ல் இங்கே வந்தபோது விலை ரூ.69,990.

அதனால் சுவிட்ச் 2 வேண்டும் என்பவர்களுக்கு இரண்டே வழி. சிங்கப்பூர், துபாயில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஊருக்கு வரும்போது வாங்கி வருவது. அல்லது இறக்குமதி செய்து விற்கும் கடை. இரண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானில் மட்டும் விற்கும் குறைந்த விலை மாடல் ஒன்று உண்டு. அதில் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான். வேறு மொழிக்கு மாற்ற முடியாது. ஜப்பான் கணக்கு இருந்தால்தான் இயங்கும். "விலை கம்மியா கிடைச்சுது மாப்ள" என்று யாராவது அனுப்பினால், சந்தோஷப்படும் முன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு போட்டோ கேட்டுப் பார்ப்பது நல்லது.

கடையில் வாங்கினால் கேட்க வேண்டியது: "அண்ணே, ரிப்பேர் ஆச்சுன்னா யாரு பாப்பா? ஜிஎஸ்டி பில் தருவீங்களா?" இந்த இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் கிளம்பிவிடலாம். கம்பெனி வாரண்டி இல்லாத பொருளுக்கு அந்தக் கடைக்காரர்தான் வாரண்டி.

சுவிட்ச் 2-ல் இன்னொரு விஷயம். சில கேம்களின் கார்டில் கேமே இருக்காது! ‘கேம் கீ கார்டு’ என்று பெயர். கார்டு வெறும் சாவி. அதைப் போட்டால், கேமை இணையத்தில் இருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே இதைக் குறிப்பிட்டிருப்பார்கள்.

ரூ.4,999-க்கு எத்தனை நாள் வேலை?

பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2-ல். டிஸ்க் போடும் மாடல் ரூ.49,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் ரூ.39,990. அடுத்த ஆண்டே இரண்டிலும் ரூ.5,000 ஏற்றினார்கள். செல்போன், டிவி எல்லாம் வருஷம் ஆக ஆக விலை இறங்கும் என்று பழகிப்போன நமக்கு இது புதுசு. ஆஃபர் நாட்களில் இறங்குவது உண்டு, அவ்வளவுதான். சோனியின் பெரிய கேம் ஒன்றின் விலை வெளியாகும்போது ரூ.4,999.

இந்த எண்களை ஊர்க் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 2025-26-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி ரூ.336. திருச்சுழி சுற்றுவட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷத்தில் இந்தக் கூலியை நம்பும் வீடுகள் நிறைய. அதன்படி ஒரு புது கேம் என்பது கிட்டத்தட்ட 15 நாள் வேலை. நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக்கூலியும் கைக்கு வந்தாலும் ரூ.33,600. டிஜிட்டல் மாடலின் முதல் விலைக்கே அது பத்தாது.

பணம் இருக்கும் வீட்டிலும் ஒரு கேள்வி இருக்கிறது. டிஸ்க் மாடலா, டிஜிட்டலா? கடையில் விலை குறைவு என்றதும் டிஜிட்டல் மாடல் லாபம் மாதிரி தெரியும். அங்கேதான் சறுக்கல். டிஸ்க் வாங்கினால் விளையாடி முடித்துவிட்டு விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொரு டிஸ்க் வாங்கினால் நாலு கேம். டிஜிட்டலில் இது எதுவும் நடக்காது. அங்கே நாம் வாங்குவது கேமை அல்ல, அதை விளையாடும் உரிமத்தை. கணக்கை மூடினால் உரிமமும் போச்சு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு விளையாட முடியவில்லை. அந்த விஷயத்தில் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். ஏனென்றால் அது முழுக்க ஆன்லைன் இணைப்பை நம்பிய கேம். அதனால் வாங்கும் முன் ‘இணையம் கட்டாயம்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது டிஸ்க்கா, டிஜிட்டலா என்பதைவிட முக்கியம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், விற்பது உரிமம்தான் என்று கடைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது.

100 ஜிபி என்றால் 50 நாள்

இப்போது வரும் பெரிய கேம்கள் பல 100 ஜிபியைத் தாண்டுகின்றன. ஃபைபர் இணைப்பு இருக்கும் வீட்டில் ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் இறங்கியிருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜ்தான் வீட்டின் இணையம் என்றால்? வேறு எதற்கும் ஒரு எம்பி கூடத் தொடாமல் 50 நாள் ஆகும். கேம் இறங்கி முடிவதற்குள் அடுத்த அப்டேட் வந்துவிடும்.

டிஸ்க் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையா? பாதி உண்மை. டிஸ்க்கில் பெரும்பகுதி இருக்கும். ஆனால் டிஸ்க் அச்சான பிறகு கண்டுபிடித்த பிழைகளைச் சரிசெய்யும் ஃபைலை, ரிலீஸ் அன்றே இறக்கச் சொல்வார்கள். ‘டே ஒன் பேட்ச்’ என்பது அதுதான். இதுவே சில நேரம் பல ஜிபி இருக்கும். அருப்புக்கோட்டை டவுனுக்குள் ஃபைபர் எடுப்பது ஒரு மாதிரி, அங்கிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்தில் எடுப்பது வேறு மாதிரி. அதனால் கன்சோல் வாங்கும் முடிவில், கேம் விலைக்கு முன்னால் இணைய இணைப்பின் விலையை எழுத வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஒன்று, தூசி. கரிசல் மண் தூசியும் பஞ்சுத் துகளும் கன்சோலின் காற்றுத் துளைகளை அடைத்தால் சூடேறி நின்றுவிடும். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைக்காதீங்க. இரண்டு, கரண்ட். கேம் சேவ் ஆகும் நேரத்தில் மின்சாரம் போனால் அதுவரை விளையாடியது அழியக்கூடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக்கில் போடுவது நல்லது.

லேப்டாப் இருக்கா? அப்போ வேற கணக்கு

தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. அரசு லேப்டாப். 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்து, 2026 ஜனவரியில் லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்கள். 8 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு உள்ள வகை. படிப்புக்கான கருவி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு மாணவர் ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு மணி நேரம் விளையாடினால் குடி முழுகிவிடாது.

இதில் பெரிய கேம்கள் ஓடாது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 256 ஜிபியில் விண்டோஸும் பாடமும் போக, 100 ஜிபி கேமுக்கு இடம் ஒதுக்குவதும் கஷ்டம். ஆனால் வெண்பா போன்ற, கையால் வரைந்தது மாதிரியான சின்ன கேம்கள் இந்த வகை லேப்டாப்புக்கு ஏற்றவை. அளவும் குறைவு, விலையும் பெரிய கேமின் விலையில் ஒரு பங்குதான். உலக அளவில் விருது வாங்கும் கேம்களில் பல இப்படிப்பட்டவை என்பதை டிரெய்லர் கூச்சலில் நாம் மறந்துவிடுகிறோம்.

2011-ல் தொடங்கிய பழைய திட்டத்தில் அக்கா, அண்ணன் வாங்கிய லேப்டாப் பரணில் இருக்கிறதா? அதில் விண்டோஸ் 7 இருந்தால், கம்ப்யூட்டர் கேம்களின் மிகப் பெரிய ஆன்லைன் கடையான ஸ்டீம் இனி அதற்குத் துணை இல்லை. 2024 ஜனவரி 1-ல் இருந்து விண்டோஸ் 7, 8-க்கான ஆதரவை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்டீமில் விலை ரூபாயிலேயே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நம் லேப்டாப்பில் ஓடுமா, ஓடாதா என்று தெரியாதபோது இது பெரிய வசதி. வெண்பா மாதிரி ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேமை முழுக்க விளையாடிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பவர்களும் உண்டு. ஹோட்டலில் சாப்பிட்டு முடித்துவிட்டு தோசை சரியில்லை என்று சொல்வது மாதிரிதான் அது. ஆண்டுக்குச் சில முறை வரும் தள்ளுபடி விற்பனை வரை காத்திருந்தாலே விலை பாதியாக இறங்கும் கேம்கள் ஏராளம்.

"எதுக்குக் காசு? கிராக் வெர்ஷன் இருக்குல்ல" என்று பென்டிரைவில் கொண்டுவரும் நண்பர் எல்லா ஊரிலும் இருப்பார். அந்த ஃபைலோடு வைரஸும் வரும். அதே லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கும் ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிடிஏ 6 எப்போ, எதில்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. 2026 மே 26 என்று சொல்லியிருந்த ரிலீஸ் தேதியை, 2026 நவம்பர் 19-க்குத் தள்ளிவைப்பதாக ராக்ஸ்டார் 2025 நவம்பரில் அறிவித்தது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் மட்டும்தான். கம்ப்யூட்டர் பெயர் அதில் இல்லை. இது அந்த நிறுவனத்தின் பழைய வழக்கம். ஜிடிஏ 5 கன்சோல்களுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில். அதனால் ஜிடிஏ 6-ஐ நம்பி இப்போதே விலை உயர்ந்த லேப்டாப் வாங்குவது அவசரம். கேட்பது பள்ளி மாணவர் என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. ஜிடிஏ வரிசை சிறுவர்களுக்கான கேம் அல்ல. பெட்டி மேல் இருக்கும் வயது எண்ணை வாங்கும் பெரியவர்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோர் பலருக்கு ‘ஆன்லைன் கேம்’ என்றாலே ரம்மியில் பணம் போன செய்திதான் நினைவுக்கு வரும். இரண்டும் வேறு. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் கேம்களை. விலை கொடுத்து வாங்கி விளையாடும் வீடியோ கேமும் இ-ஸ்போர்ட்ஸும் அந்தத் தடையில் வராது. ஆனால் இலவச செல்போன் கேம்களுக்குள் துப்பாக்கிக்குப் பெயின்ட், உடைக்கு டிசைன் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கேட்பார்கள். ரூ.4,999 ஒரேயடியாகக் கண்ணில் படும். நூறு, இருநூறாக யுபிஐ-யில் போவது படாது. போனில் வாங்குவதற்கு பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றி வைப்பது ஒரு நிமிட வேலை.

செல்போனிலேயே விளையாட வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சுற்றுவழி. ராஜி பிறகு நெட்ஃப்ளிக்ஸ் வழியாக செல்போனுக்கு வந்தது. இன்னொன்று கிளவுட் கேமிங். கேம் எங்கோ தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடும், அதன் காட்சி மட்டும் யூடியூப் வீடியோ மாதிரி நம் போனுக்கு வரும். கன்சோலும் வேண்டாம், 100 ஜிபி இறக்கவும் வேண்டாம். எக்ஸ்பாக்ஸின் கிளவுட் சேவை 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. மாதச் சந்தா கட்ட வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடியோவை முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டலாம், கேமில் அது நடக்காது. நாம் பட்டனை அமுக்கியது அங்கே போய், அதன் விளைவு திரும்பி வர வேண்டும். டவர் சிக்னல் ஒரு நொடி தடுமாறினாலும் கார் பள்ளத்தில் கிடக்கும். ஒரு மணி நேரம் விளையாடினாலே அன்றைய 2 ஜிபி காலியாகவும் வாய்ப்பு இருக்கிறது. முயற்சி செய்ய நினைப்பவர்கள் வருஷக் கணக்கில் பணம் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுக்கலாம். அதையும் காலை 6 மணிக்குச் சோதித்துப் பார்த்துவிட்டு நம்பிவிடக் கூடாது. ஊரே போனைக் கையில் எடுக்கும் ராத்திரி 8 மணிக்கு, வழக்கமாக உட்காரும் அதே திண்ணையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.